விட்டுப்போன பெயர்

அத்தியாயம் ஏழு

காது டாக்டர் எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். துப்பறிகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே வந்து நின்றால், ஒரு மனிதர் மரியாதைக்காவது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டாமா? இவர் நிதானமாக எழுந்து வந்து, நோயாளிகள் காத்திருக்கும் அறையின் சுவரைக் காட்டினார்.

“இந்தப் படம்தானே? தாராளமா பாருங்க.”

உள்காதின் படம். நத்தை ஓடு போலச் சுருண்ட குழல், அதற்கு மேலே ஒன்றோடொன்று கோத்த வளையங்கள், மயிரிழை மயிரிழையாகப் பிரியும் நரம்புகள். பள்ளியில் உயிரியல் பாடம் நடந்த வகுப்பில் நான் இருந்தேன் என்பதற்கு வருகைப் பதிவேடு மட்டும்தான் சாட்சி. இருந்தும் அந்தப் படத்தை விட்டு என் கண் நகரவில்லை.

எங்களோடு வந்தவர் மட்டும் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். படத்தை வரைந்தது அவருடைய மனைவி. அவள் இறந்ததிலிருந்து காது அடைத்த மாதிரியே இருக்கிறதென்று இந்த டாக்டரிடம் வந்திருக்கிறார். காதில் ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது சுவரில் மனைவியின் கைவண்ணம். கீழே பொடி எழுத்தில் வேறொருவர் பெயர்.

அந்த வேறொருவர், அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர்.

“நான் எங்கிருந்தும் சுடல,” என்றார் டாக்டர். “ஒரு ஆய்விதழ்ல வந்த கட்டுரையில இருக்கற படம் இது. திறந்த உரிமத்துல போட்டிருக்காங்க. பதிப்புரிமை எழுதினவங்ககிட்டயேதான் இருக்கும். ஆனா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பெருசாக்கலாம், சுவர்ல மாட்டலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஒரே நிபந்தனை, எழுதினவங்க பேரைப் போடணும். கட்டுரையில இருந்த பேரை அப்படியே போட்டேன்.”

“ஒரு பேர்தான் இருந்துச்சா?” என்றார் மாமா.

“ஒரே பேர்.”

மாமா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் துப்பறியும் நிறுவனத்துக்கு முதலாளி, மூளை, ஓட்டுநர் மூன்றும் அவர்தான். நான் உதவியாளன். வாய் ஓயாமல் பேசுவதால் அக்கா எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாள். மாமா மட்டும் மாப்ளே என்பார், அதுவும் வேலை இருக்கும்போது.

“இப்பவே வேணும்னா கழட்டிடறேன்,” என்றார் டாக்டர்.

டிப்போக்காரர் தலையை அசைத்தார். வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. படம் சுவரிலேயே இருந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. காரில் பின்சீட்டில் அவர் ஈரக் குடையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேன்ட் நனைவது அவருக்கு உறைக்கவில்லை.

“இன்னிக்குச் சாயங்காலம் பல்கலைக்கழகத்துல புகார் கொடுக்கறேன்,” என்றார். “அந்த ஆள் திருடிட்டார்னு. அதுக்குள்ள ஆதாரம் கிடைச்சா சேத்துக்கறேன். கிடைக்காட்டியும் கொடுப்பேன்.”

“கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?” என்றார் மாமா. “திருட்டுன்னு முடிவாச்சுன்னா கட்டுரையையே வாபஸ் வாங்கிடுவாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கே ‘திரும்பப் பெறப்பட்டது’ன்னு சிவப்புல அடிச்சிடுவாங்க. உங்க மனைவியோட படங்களும் அதுக்குள்ளதான் இருக்கு.”

“அவ பேரே இல்லாத கட்டுரை இருந்தா என்ன, போனா என்ன?”

“வேற எதுலயாவது அவங்க பேர் வந்திருக்கா?”

“இல்ல. வருஷக்கணக்கா வரைஞ்சா. படுக்கையில இருந்தும் வரைஞ்சா. வெளிய வந்தது இது ஒண்ணுதான்.”

அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த பஸ் எந்தப் பக்கம் போகும் என்று சொல்கிற குரல். கோபத்தோடு வருகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். ஒரு ஜோக், ஒரு குவளை தண்ணீர். இவரிடம் எதுவும் செல்லுபடியாகவில்லை. அவரை வீட்டில் இறக்கிவிட்டபோது குடையைக் காரிலேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

எங்கள் அலுவலகம் ஒரு நகலகத்தின் மாடியில் இருக்கிறது. கீழே பகல் முழுக்க அடுத்தவர் புத்தகங்களை அட்டையோடு நகலெடுத்துத் தள்ளுவார்கள். பதிப்புரிமையைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மாமா கட்டுரையை அச்செடுத்து என்னிடம் நீட்டினார். “முதல் பக்கத்தைச் சத்தமா படி மாப்ளே. எதையும் முழுங்காம.”

தலைப்பைப் படித்தேன். பேராசிரியர் பெயரைப் படித்தேன். சுருக்கம் என்ற பெயரில் நீளமாக இருந்ததைப் படித்தேன். பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, அதன் பக்கத்தில் ஒரு வரி: ‘இக்கட்டுரை வெளிவருமுன் காலமானார்.’

“அடப்பாவமே! பேராசிரியர் போயிட்டாரா மாமா?”

“நேத்துதான் போன்ல பேசினேன்.”

“அப்போ ஆவிக்கு நல்ல குரல் வளம்.”

மாமா சிரிக்கவில்லை. “கீழ ஒரு குறி இருந்தா, மேல யாரோ ஒருத்தர் பேர் பக்கத்துலயும் அதே குறி இருக்கணும். தேடு.”

தேடினேன். மேலே இருந்தது பேராசிரியர் பெயர் மட்டும். அதன் பக்கத்தில் குறி எதுவும் இல்லை.

“உள்ள போ. அவங்களைப் பத்தி வேற எங்க வருது பாரு.”

பக்கங்களைப் புரட்டினேன். ஓரிடத்தில் ‘நாங்கள் இருவரும்’ என்று இருந்தது. இன்னோரிடத்தில் ‘படங்கள் அனைத்தையும் இரண்டாம் ஆசிரியர் வரைந்தார்.’ முதல் பக்கத்திலோ ஒரே ஓர் ஆசிரியர். ஆளே இல்லாத இரண்டாம் ஆசிரியர் காதுக் காதாக வரைந்து தள்ளியிருக்கிறார்.

“பேரைத் திருடறவன் இப்படியா திருடுவான்?” என்றார் மாமா. “இது அவரோட சொந்தக் கட்டுரை. ஒரு மத்தியானம் உக்காந்தா எல்லாத் தடயத்தையும் துடைச்சிருக்கலாம். பர்ஸை அடிச்சவன் பர்ஸ்காரனோட போட்டோவைத் தன் சட்டையில குத்திக்கிட்டு நடப்பானா?”

“அவசரமா இருந்திருக்கும்.”

“அவசரம்தான், ஆனா திருடனோட அவசரம் இல்ல. அந்தம்மா இறந்தப்புறம்தான் இந்தக் குறியே வந்திருக்கும். அப்போ கட்டுரை எழுதி முடிச்சாச்சு. அதுக்கப்புறம் யாரோ மேல இருந்த பேரை மட்டும், குறியோட சேத்துத் தூக்கியிருக்காங்க. கடைசி நேரத்துல, ஒரே ஒரு இடத்துல.”

“யாரு?”

“அதைப் பேராசிரியர்கிட்டயே கேப்போம்.”

பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் மேசைக்கு மேசை காதுகள். பிளாஸ்டிக்கில், களிமண்ணில், கண்ணாடிக் குப்பிகளில். இத்தனை காதுகளுக்கு நடுவே பேசுவது என் போன்றவனுக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கே ஏனோ எனக்குப் பேச்சு எழவில்லை. மூலையில் ஓர் உயரமான நாற்காலி, மேலே தட்டையாகிப்போன மெத்தை. அதற்கு முன்னால் இருந்த நுண்ணோக்கி உறை போட்டு மூடியிருந்தது.

பேராசிரியர் எதையும் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “இது இதழுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நாங்க இணையத்துல போட்ட வரைவு. ரெண்டு பேர் பேரும் இருக்கு பாருங்க. இன்னும் அப்படியேதான் வச்சிருக்கேன்.”

“அப்போ இதழ்ல வந்ததுல எங்க போச்சு?”

பேராசிரியர் மடிக்கணினியை மூடினார். “அது என் முடிவு இல்ல.”

“யார் முடிவு?”

“கேக்காதீங்க. சொன்னா, என்னைக் காப்பாத்திக்க இன்னொருத்தரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். அவர் பட்டது போதும்.”

“சாயங்காலம் உங்க மேல திருட்டுப் புகார் வருது சார். வேலைகூடப் போகலாம்.”

“வரட்டும்,” என்றார். பிடிவாதமாகவும் சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. டிப்போக்காரரின் அதே குரல்தான் இவருக்கும் இருந்தது.

மாமா கிளம்ப எழுந்தவர் திரும்பிக் கேட்டார். “திறந்த உரிமத்துல போடலாம்னு சொன்னது நீங்களா?”

“நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்க உழைப்பு, எவன் எவனோ எடுத்து வித்துக்குவான்னேன். அவங்கதான் கேக்கல. ‘பூட்டி வைக்கறதுக்கா சார் வரைஞ்சேன்? யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும். கீழ என் பேர் இருந்தா போதும்’னாங்க.” அதன் பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை. வாசலில் இருக்கிற மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு போகச் சொன்னார். நாங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தோம், உள்ளே வரவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன். “காட்டிக்கொடுக்க மாட்டேங்கறாரே, யாரை மாமா?”

“அதைச் சொல்ல ஒரே ஒருத்தராலதான் முடியும். கடைசியா அந்தப் பக்கத்தைத் தொட்டவங்க.”

ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டிக்கொடுக்கும், அதாவது கட்டுரைகளை அச்சுக்கேற்றபடி பக்கங்களாக அமைத்துத் தரும் நிறுவனம் ஊரின் மறுகோடியில் இருந்தது. நீளமான கூடம், வரிசை வரிசையாகத் திரைகள், போர்வை போர்த்திக்கொள்ளத் தோன்றும் குளிர். அந்தக் கட்டுரைக்குப் பக்கம் கட்டிய பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் உடனே தலையாட்டினார்.

“காதுக் கட்டுரைதானே? நல்லா ஞாபகம் இருக்கு சார். அவ்வளவு அழகான படம் எங்களுக்கு வராது.”

“முதல்ல ரெண்டு பேர் இருந்துச்சு இல்லையா?” என்றார் மாமா.

“ஆமா. அச்சுக்கு முன்னாடி சரிபார்க்க அனுப்பற புரூஃப் போயிட்டு வந்தப்போ பேராசிரியர் அந்தம்மா இறந்துட்டாங்கன்னு குறிச்சிருந்தார். குறியும் போட்டு, அடிக்குறிப்பும் போட்டேன். ஆனா இறந்தவங்க பேர் வரணும்னா வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும், அது அந்த இதழோட விதி. போன் பண்ணினேன்.”

“யார்கிட்ட?”

“அவங்க வீட்டுக்காரர்கிட்ட.”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அசையவில்லை. “என்ன கேட்டீங்க? அதே வார்த்தையில சொல்லுங்கம்மா.”

“‘முதல் பக்கத்துல உங்க மனைவி பேர் இருக்கு சார், அதை என்ன செய்யட்டும்?’னு கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘விட்டுடுங்க’ன்னார். விட்டுட்டேன்.”

மாமா கண்களை மூடிக்கொண்டார். பக்கத்துத் திரையில் யாரோ ஒரு பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“விட்டுட்டேன்னா?” என்றேன் நான்.

“எடுத்துட்டேன். எங்க வேலையில ‘இந்த வரியை விட்டுடுங்க’ன்னா தூக்கிடணும்னு அர்த்தம். வேணும்னா ‘இருக்கட்டும்’னு எழுதுவாங்க.”

“அவர் பஸ் டிப்போவுல வேலை செய்யறவர்மா,” என்றார் மாமா மெதுவாக. “அங்க ‘அந்த வண்டியை விட்டுடுங்க’ன்னா அதுமேல கை வைக்காதீங்க, அப்படியே நிக்கட்டும்னு அர்த்தம்.”

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. சால்வையை இழுத்து இறுக்கிக்கொண்டார். “நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்,” என்றார். “அவர் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. தொந்தரவு பண்ண வேணாம்னு வச்சுட்டேன். அடிக்குறிப்பு தனிப் பெட்டியில இருந்துச்சு, அது அப்படியே தங்கிடுச்சு.”

“பேராசிரியருக்குச் சொன்னீங்களா?”

“அவங்க கணவர் பேரை எடுக்கச் சொல்லிட்டார்னு சொன்னேன். அதுக்குப் பேராசிரியர், ‘உடம்பு முடியாத பொண்ணைக் கடைசிவரைக்கும் வேலை வாங்கினேன்னு என் மேல கோபம் இருக்கும், நியாயம்தான், அவர் இஷ்டப்படியே இருக்கட்டும்’னார்.”

காரில் ஏறியபிறகும் மாமா சாவியைத் திருகவில்லை. கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது.

“அப்போ குற்றவாளி யாரு மாமா?”

“ஒரு வினைச்சொல்.”

“கைது பண்ண முடியாதே.”

“அதான் கஷ்டம்.”

“அச்சுப் பிழைன்னு மட்டும் சொல்லிடுவோமே. அவர்தான் சொன்னார்னு எதுக்கு? ஏற்கெனவே மனுஷன் கட்டை மாதிரி இருக்கார்.”

“பேரைத் திரும்பப் போடணும்னா வீட்டுலேர்ந்து மறுபடி அனுமதி வேணும் மாப்ளே. மறுபடி போன் வரும். ‘நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க’ன்னு எவனோ ஒருத்தன் அவர்கிட்ட கேப்பான். அதைவிட நாம சொல்றது மேல்.”

இறந்தவள் கேட்ட ஒரே கூலி தன் பெயர். அதை இல்லாமல் செய்தது அவள்மேல் உயிரை வைத்திருந்தவர். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை கால் மரத்த மாதிரிதான் இருந்தது. இந்த வழக்கில் எங்கே போனாலும் அதே மரமரப்பு, எங்களுக்கும் தொற்றிவிட்டது போலிருந்தது.

டிப்போக்காரர் வீட்டில் விளக்குப் போடவில்லை. சாயங்காலத்து வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசையில் புகார் அச்செடுத்துத் தயாராக இருந்தது. பக்கத்திலேயே வெளியே கிளம்பச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

மாமா சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்தார், சொன்னார். பக்கம் கட்டிய பெண், அவர் கேட்ட கேள்வி, வந்த பதில். சொல்லி முடித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா?” என்றார் டிப்போக்காரர்.

“உங்க மேல தப்பில்ல. நீங்க இருக்கட்டும்னுதான் சொன்னீங்க.”

“எனக்கு ஞாபகமே இல்ல.” புகார்த் தாளின் ஓரத்தை நெருடினார். “அந்த வாரம் பூரா எல்லாரும் என்னை எதையாவது கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மிச்ச மருந்தை என்ன செய்யன்னு கேட்டாங்க. விட்டுடுங்கன்னேன். அவ துணியெல்லாம் என்ன செய்யன்னு அண்ணி கேட்டாங்க. விட்டுடுங்கன்னேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து, பேங்க்லேர்ந்து, யார் யாரோ. எல்லாத்துக்கும் அதையேதான் சொன்னேன். என்ன கேக்கறாங்கன்னே காதுல விழல. அதுக்குள்ள அவ பேரும் இருந்திருக்கு.”

நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன். மாமா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

“பேராசிரியரும் நீங்க கோபத்துல எடுக்கச் சொன்னதா நினைச்சுத்தான் வாயைத் திறக்கல,” என்றார் மாமா. “இனிமே என்ன செய்யலாம்னா, இதழ்ல திருத்தம் போடுவாங்க. கட்டுரையில பேர் வந்துடும். ஏற்கெனவே எடுத்துட்டுப் போனவங்ககிட்டேர்ந்து படத்தைத் திரும்ப வாங்க முடியாது. அந்த உரிமம் அப்படி, கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா பேரை மாத்தச் சொல்லி ஒவ்வொருத்தரா கேக்கலாம். காது டாக்டர் இன்னிக்கே மாத்திடுவார்.”

“அந்த உரிமத்துல போடணும்னு யார் சொன்னது?”

“உங்க மனைவிதான் சொன்னாங்களாம். யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், கீழ பேர் மட்டும் இருந்தா போதும்னு.”

டிப்போக்காரர் புகாரை எடுத்து மடித்தார். இன்னொரு முறை மடித்தார். மடிக்க முடியாத அளவு சின்னதானதும் மேசையில் வைத்தார்.

“இதை என்ன செய்யட்டும்?” என்றார் மாமா.

“கிழிச்சிடுங்க,” என்றார் அவர். வார்த்தையைப் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாதிரி இருந்தது.

மாமா போனில் அந்தப் பெண்ணை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துப் பாதியில் அழுதார். டிப்போக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தன்னைச் சரிசெய்துகொண்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“சார், முதல் பக்கத்துல உங்க மனைவி பேரை என்ன செய்யட்டும்?”

“விட்...” என்று தொடங்கியவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“போடுங்க,” என்றார் கையை எடுத்துவிட்டு. “அவ பேரைப் போடுங்க.”

“பக்கத்துல அந்தக் குறியும் வரும் சார். இறந்தவங்கன்னு.”

“வரட்டும்.”

“எழுத்து சரியான்னு பாத்துக்கறேன். ஒரு தடவை சொல்லிடுங்க.”

மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வாசித்துக் காட்டினார்.

“தப்பு!” என்றார் டிப்போக்காரர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். காலையிலிருந்து நாங்கள் கேட்காத குரல் அது. “அது சிறப்பு ழகரம்மா! நீங்க சாதா ளகரத்துல வாசிக்கறீங்க. அதை யாராவது தப்பா எழுதினா சண்டைக்கே போயிடுவா அவ. கரண்டு பில்லுல தப்பா வந்ததுக்கு ஆபீஸ் வரைக்கும் போய் மாத்திட்டு வந்தா, தெரியுமா உங்களுக்கு?”

“மாத்திட்டேன் சார், மாத்திட்டேன்.”

“வாசிங்க.”

அந்தப் பெண் நாக்கை மடித்து, நிறுத்தி, நிதானமாக வாசித்தார். டிப்போக்காரரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“சரியா இருக்கா சார்?”

சரியாகத்தான் இருந்தது.

“இன்னொரு தடவை வாசிங்க,” என்றார்.